காரின் ரகமும் காப்பீட்டுச் செலவும்

ஒரே விலையுள்ள இரு கார்கள் ஒரே ஊரில், ஒரே நாளில் பதிவு செய்யப்படினும், அவற்றின் காப்பீட்டுப் பிரிமியம் வேறுபடுவதுண்டு. இதன் காரணத்தை அறியக் காப்பீட்டின் இரு பகுதிகளைப் பிரித்து நோக்குதல் வேண்டும்.

முதலாவது, பிறருக்கு விளையும் தீங்கிற்கான மூன்றாம் தரப்புக் காப்பீடு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி இது கட்டாயமாகும். இதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, 1,000 சி.சி. வரையுள்ள சொந்த உபயோகக் காருக்கு ரூ. 2,094, 1,500 சி.சி. வரை ரூ. 3,416, அதற்கு மேல் ரூ. 7,897. இங்கு எஞ்சினின் கொள்ளளவே அளவுகோல். ரகத்தின் பெயருக்கு இடமில்லை.

இரண்டாவது, மோதல் முதலியவற்றால் சொந்த வாகனத்திற்கு ஏற்படும் சேதத்திற்கான காப்பீடு. 2002ஆம் ஆண்டின் மோட்டார் கட்டண விதிகள் இதற்கும் ஒரே சீரான விகிதத்தை வகுத்தன. சென்னை, மும்பை உள்ளிட்ட எட்டு பெருநகரங்களில், ஐந்தாண்டுக்கு உட்பட்ட, 1,000 சி.சி. வரையுள்ள காருக்கு அதன் மதிப்பில் 3.127 சதவீதம் விதிக்கப்பட்டது. மதிப்பு ரூ. 5,70,000 எனில் பிரிமியம் சுமார் ரூ. 17,824. உதிரி பாகங்கள் மலிவாகக் கிடைக்கும் ரகமாயினும், அரிதாகக் கிடைக்கும் ரகமாயினும் தொகை ஒன்றே. அதாவது, பழுதுபார்க்கும் செலவு குறைந்த ரகத்தின் உரிமையாளர், செலவு மிகுந்த ரகத்தின் சுமையில் ஒரு பங்கை ஏற்றார்.

2007 ஜனவரி 1 முதல் இவ்விகிதக் கட்டுப்பாடு நீங்கியது. அதன்பின் ஒவ்வொரு ரகத்தின் இழப்பீட்டு அனுபவம், பாகங்களின் விலை, கூலி, களவுபோகும் வாய்ப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு நிறுவனங்கள் பிரிமியத்தை வகுக்கலாயின.

பிரிமியத்தோடு செலவு முடிவதில்லை. வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதத் தேய்மானம் கழிக்கப்படுகிறது, கண்ணாடிக்குக் கழிவில்லை, உலோகப் பாகங்களுக்கு வயதுக்கேற்பக் கழிவு உண்டு. ரூ. 8,000 விலையுள்ள பிளாஸ்டிக் பம்பர் உடைந்தால், ரூ. 4,000 உரிமையாளரைச் சேரும். ஆகவே பிளாஸ்டிக் பாகங்கள் மிகுந்த ரகத்தை வாங்குவோர், கூடுதல் பிரிமியம் செலுத்தித் தேய்மானக் கழிவில்லாத பாலிசி எடுப்பது பற்றிச் சிந்திக்க வேண்டும்.

வாகனத்தின் மதிப்பு, அந்த ரகத்தின் நடப்பு விற்பனை விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்துப் பெறப்படுகிறது. முதல் ஆறு மாதங்களுக்கு 5 சதவீதமாகத் தொடங்கும் இக்கழிவு, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதமாகிறது. ஐந்தாண்டு கடந்த வாகனங்களுக்கும், உற்பத்தி நிறுத்தப்பட்ட ரகங்களுக்கும் இரு தரப்பினரும் இசைந்து மதிப்பைத் தீர்மானிக்கின்றனர். இவ்விடத்தில்தான் எச்சரிக்கை தேவை. பிரிமியத்தைக் குறைக்க விரும்பி மதிப்பைக் குறைத்துக் காட்டுவோர் உண்டு. பழுதுபார்க்கும் செலவு மதிப்பில் 75 சதவீதத்தை மிஞ்சினால் அது முழு இழப்பாகக் கருதப்படும். அப்போது கிடைப்பது அந்தக் குறைந்த மதிப்பையொட்டிய தொகையே. ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் மிச்சப்படுத்தியவர் பல ஆயிரங்களை இழக்க நேரிடும்.

எனவே கார் வாங்குவோர் விலையையும் எரிபொருள் செலவையும் மட்டுமன்றி, அந்த ரகத்தின் பாகங்களின் விலையையும், பிரிமியத்தையும் முன்கூட்டியே கேட்டறிந்து ஒப்பிடுவது சிக்கனத்திற்கு வழிகோலும்.