ஆரணி வெயிலில் ஒரு மென்பவளத் தொட்டி

வீட்டில் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் ஒரு தெர்மாமீட்டர் வாங்க வேண்டும். தொட்டி வைக்கப்போகும் மூலையில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, அதில் தெர்மாமீட்டரைப் போட்டு, கத்திரி வெயிலில் இரண்டு வாரம் விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் அளவைக் குறித்து வாருங்கள். மோட்டாரும் விளக்கும் ஓடத் தொடங்கினால் தொட்டித் தண்ணீர் இதைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகச் சுடும். பவளத்துக்கு ஏற்றது 25 முதல் 27 டிகிரி செல்சியஸ். 29 வரை ஒருவாறு தாங்கும். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், தன் திசுவுக்குள் குடியிருந்து உணவு தரும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவில் கடலே சூடேறி, பவளங்கள் கூட்டம் கூட்டமாக இப்படி வெளுத்தன.

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியைச் சொல்லவில்லை. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆரணியாற்றங்கரையில் இருக்கும் நம் ஆரணியைச் சொல்கிறேன். மே மாதத்தில் இங்கே மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையில் தண்ணீர் 32 டிகிரியை எளிதாகத் தொடும். தொட்டியின் மேல் சிறு மின்விசிறியைப் பொருத்தி நீர்ப்பரப்பில் காற்று வீச வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அதுவும் இறங்காது. அதற்கு மேல் வேண்டுமென்றால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் அல்லது ஏசி அறைதான். இரண்டுக்கும் வழியில்லாமல், வாளித் தண்ணீர் 30-க்குக் கீழே வராத வீடாக இருந்தால் பவளம் வாங்காதீர்கள். நன்னீர் மீன்தொட்டி வையுங்கள், அதுவும் அழகுதான்.

வெப்பக் கணக்கு சரியாக வந்தவர்கள் அடுத்துச் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் நாம் பார்த்து மயங்கும் கிளைப்பவளம், மூளைப்பவளம் போன்ற கல்பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளன. கரும்பவளம், தீப்பவளம், குழல்பவளம், கடல்விசிறி ஆகியவையும் அவற்றோடு சேர்க்கப்பட்டவை. கடல்குதிரைக்கும் அதே பாதுகாப்பு. முதல் அட்டவணை உயிரைப் பிடித்தாலோ விற்றாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. புலிக்கும் இந்தப் பட்டியலில்தான் இடம். செத்த பவளத்தின் எலும்புக்கூட்டுக்கும் சட்டம் பொருந்தும். அதனால் ‘லைவ் ராக்’ என்று கடலிலிருந்து பெயர்த்து விற்கப்படும் பவளப்பாறைத் துண்டையும் தொடாதீர்கள். செராமிக்கிலோ சிமென்டிலோ செய்த துளைப்பாறை கடைகளில் கிடைக்கிறது. ஓரிரு மாதத்தில் பாக்டீரியா குடியேறிவிட்டால் வடிகட்டும் வேலையில் அது எதற்கும் குறைந்ததல்ல.

இந்தக் கண்டிப்பை நான் மனதார ஆதரிக்கிறேன். சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்த கடல் மன்னார் வளைகுடா. 1986-இல் அறிவிக்கப்பட்ட அதன் கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் அங்கே பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு வளர்த்துவருகிறது. ஒரு பக்கம் துண்டு துண்டாக நட்டுக்கொண்டிருக்கும்போது, இன்னொரு பக்கம் நம் வரவேற்பறைக்காகப் பெயர்ப்பது தகாது.

அப்படியானால் நமக்கு மிஞ்சுவது மென்பவளங்களும் அவற்றின் உறவுகளும். சிறு தொட்டிக்கு இவைதான் பொருத்தமானவை என்பேன். கல்பவளம் கால்சியம், காரத்தன்மை என்று தினமும் கணக்குக் கேட்கும். மென்பவளம் அவ்வளவு படுத்தாது. தொடங்குபவருக்கு மூன்று வகை போதும். கடைக்காரர்கள் மஷ்ரூம் என்று சொல்லும் டிஸ்கோசோமா முதலாவது. வட்டத் தட்டுபோல விரியும். குறைந்த வெளிச்சமும் மெல்லிய நீரோட்டமும் போதும். அடுத்தது ‘ஸோவா’ எனப்படும் ஸோவாந்திட், பொத்தான் அளவுப் பூக்கள் கூட்டமாக முளைத்ததுபோல இருப்பது. மூன்றாவது லெதர் எனப்படும் சார்கோஃபைட்டான். காளான் குடையின் மேல் முடி முளைத்தாற்போல் நிற்கும், நன்றாகப் பெரிதாகும்.

ஸோவாவில் ஓர் எச்சரிக்கை உண்டு. அதன் இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அதைக் கையாளும்போது கையுறையும் கண்ணுக்குக் கவசமும் கட்டாயம். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று தொட்டிக்குள் கை விடாதீர்கள். ஸோவா ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்வதற்காகக் கொதிநீர் ஊற்றுவதோ, சுரண்டி எறிவதோ கூடவே கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் நான் ஸோவாவைப் பரிந்துரைக்க மாட்டேன். மஷ்ரூமும் லெதரும் போதும்.

தொட்டி இரண்டடி நீளம் இருக்கட்டும். 60 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் என்றால் ஏறக்குறைய 120 லிட்டர். இதைவிடச் சிறியது மலிவாகத் தெரியும். ஆனால் தண்ணீர் குறையக் குறைய உப்பும் சூடும் வேகமாக ஏறி இறங்கும். பவளத்துக்கு ஆகாதது அந்த ஏற்ற இறக்கம்தான்.

பழவேற்காடு பக்கத்தில்தானே இருக்கிறது, கடல்நீரையே கேனில் பிடித்து வரலாமே என்று தோன்றும். ஏரி நீரின் உப்பு மழைக்கும் முகத்துவாரத்துக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். எண்ணூர், காட்டுப்பள்ளிக் கரையோரம் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் நிறைந்தது. தொட்டிக்கான கடல் உப்பை வாங்கி வீட்டிலேயே கலப்பதுதான் நல்லது. சமையல் உப்பு உதவாது. தொட்டி உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். சரியான அளவு பையின் மேல் இருக்கும். ரிஃப்ராக்டோமீட்டரில் 1.026 அல்லது 35 பிபிடி காட்ட வேண்டும்.

கலக்கும் நன்னீர்தான் இங்கே பெரிய சிக்கல். ஆரணியாற்றுப் படுகையின் போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் இருக்கும். வயலில் போட்ட உரத்தின் நைட்ரேட்டும் சேர்ந்திருக்கலாம். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் கேன் தண்ணீரும் குடிக்கச் சுவையாக இருக்கட்டும் என்று கொஞ்சம் உப்பை விட்டே வரும். டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். 50, 80 என்று காட்டினால், ஆர்.ஓ.வுக்குப் பின்னால் மிச்ச உப்பையும் நீக்கும் டிஐ பிசின் நிரப்பிய குழல் ஒன்றைச் சேர்த்துப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். பாசித்தொல்லையில் பாதி இந்த ஒரு குழலோடு தீரும்.

பாறையும் உப்புநீரும் போட்ட பிறகு காத்திருங்கள். ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டால் அது அழுகி அம்மோனியா உண்டாகும். அதை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதன்பின் ஒரு ஜோடிக் கோமாளிமீன் விடலாம். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் கோமாளிமீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. அப்படிப் பண்ணையில் பிறந்த மீனா என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடியில் படியும் பழுப்புப் பாசி வந்து அடங்கிய பிறகுதான், அதாவது மூன்றாவது மாதத்தில், முதல் பவளம்.

அதற்குக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போகலாம். தொட்டியிலேயே வெட்டி வளர்த்த துண்டா, கடலிலிருந்து எடுத்ததா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் திரும்பிவிடுங்கள். பெயர் எழுதிய ரசீது வேண்டும். வாய் திறந்து தொங்குவது, ஓரம் கரைந்து சளி வடிவது, அழுகல் வாடை அடிப்பது வேண்டாம். சின்னத் துண்டு, வில்லையில் நன்றாக ஒட்டியது, தொட்டால் சுருங்குவது நல்லது. மாலையில் வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, செங்குன்றம் வழியாக நேராக வீட்டுக்கு வாருங்கள்.

பையை மூடியபடியே கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு பவளத்தை ஒரு பாத்திரத்துக்கு மாற்றி, தொட்டி நீரைச் சன்னக் குழாயால் சொட்டுச் சொட்டாக அரைமணி நேரம் சேருங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். எந்த வகையானாலும் முதல் வாரம் அடித்தளத்தில், மங்கிய வெளிச்சத்தில் இருக்கட்டும். பிறகு மஷ்ரூமைக் கீழேயே விட்டு, ஸோவாவை நடுவிலும் லெதரை அதற்கு மேலே நீரோட்டம் படும் இடத்திலும் வையுங்கள். ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி வேண்டும். லெதர் பக்கத்துப் பவளத்தைத் தளரவைக்கும் வேதிப்பொருளை நீரில் விடும். வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் பையைப் போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள். லெதர் சில நாள் சுருங்கி மெழுகுபோலத் தோலுரிக்கும். அது நோயல்ல, இடம் மாற்றாமல் விடுங்கள்.

விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். எந்த எட்டு மணி என்பது உங்கள் விருப்பம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் போகிறவர்கள், மாலை நான்கு முதல் நள்ளிரவு வரை டைமரில் வைக்கலாம். பகல் சூட்டோடு விளக்குச் சூடு சேராது. வீடு திரும்பும்போது பவளமும் விரிந்திருக்கும்.

அன்றாட வேலை சிறியது, ஆனால் தவறக்கூடாதது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, குறைந்த அளவுக்குத் தினமும் டிஐ நன்னீரை ஊற்றுங்கள். மின்விசிறி ஓடும் கோடையில் ஒரு லிட்டருக்கு மேலும் குறையும். வாரம் பத்து சதவீதம் நீரை மாற்றினால் இந்த மூன்று வகைக்கும் தனியாக எந்த மருந்தும் தேவையில்லை. நைட்ரேட் 5 முதல் 15 பிபிஎம் வரை இருக்கட்டும். பூஜ்ஜியத்துக்குத் துடைத்தால் மென்பவளம் மெலியும்.

மின்வெட்டுக்கு முன்னேற்பாடு வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது மின்சாரமில்லாமல் கிடந்த பகுதிகளை நாம் பார்த்தோம். வெளிச்சம் இல்லாமல் பவளம் சில நாள் இருக்கும். நீரோட்டமும் ஆக்சிஜனும் இல்லாமல் சில மணி நேரத்தில் தொட்டி கெடத் தொடங்கும். நீரோட்டம் தரும் வேவ் மேக்கரை மட்டும் இன்வெர்டரில் இணையுங்கள். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றும் அலமாரியில் தயாராக இருக்கட்டும்.

பவளம் பெருகினால் வெட்டி நண்பருக்குக் கொடுங்கள். ஆரணியாற்றிலோ பழவேற்காட்டிலோ கடலிலோ விடாதீர்கள். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி குருசடைத் தீவுப் பக்கம் பரவிப் பவளங்களை மூடிச் சாகடித்திருக்கிறது. மாற்றி எடுத்த உப்புநீரையும் தென்னைக்கோ கிணற்றடியிலோ ஊற்றாமல், கழிவுநீர்க் குழாயில் விடுங்கள்.