பதினைந்து ஜெர்ஸியும் பனியன் ஊர் நம்பிக்கைகளும்

"பனியன் ஊருல இருந்துக்கிட்டு ஜெர்ஸித் துணிக்கா பஞ்சம்?"

ஞாயிற்றுக்கிழமை காலி சைட்டில் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் தங்கள் டீமுக்கு ஒரு செட் ஜெர்ஸி அடிக்கிறார்கள். அதைப் பார்த்து எதிர் டீமும் கேட்கிறது. 'இதையே தொழிலாகப் பண்ணினால் என்ன?' என்ற யோசனை அங்கேதான் பிறக்கிறது. யோசனை நல்லதுதான். ஆனால் முதல் அடி துணியிலேயே விழுகிறது.

திருப்பூருக்குப் பேர் வாங்கித் தந்தது பருத்தி. மைதானத்தில் பார்க்கிற ஜெர்ஸியோ பெரும்பாலும் பாலியஸ்டர். டிசைனை அதற்கென்று உள்ள மையில் காகிதத்தில் தலைகீழ் பிம்பமாக அச்சடித்து, வெள்ளைத் துணிமேல் வைத்து, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். மை ஆவியாகி இழைக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். இதுதான் சப்ளிமேஷன். பருத்தி இந்த மையைப் பிடித்துவைக்காது, சலவையில் வெளுத்துப்போகும். கறுப்புத் துணியில் அடித்தால் தெரியவே தெரியாது. ஆக, பெரியப்பா கம்பெனியில் மிச்சமான காட்டன் ரோலும், காதர்பேட்டைச் சந்தையில் மலிவாகக் கிடைத்த ஏற்றுமதி சர்ப்ளஸும் வீட்டில் போட்டுக்கொள்ள நன்றாக இருக்கும். ஜெர்ஸிக்கு ஆகாது.

"மெஷின் வாங்கணும், அதுக்கு லோன் போடணும்."

வேறு ஊரில் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். இங்கே பின்னல் ஒருவரிடம், சாயம் ஒருவரிடம், பிரிண்டிங் ஒருவரிடம், தையல் இன்னொருவரிடம் என்று ஜாப் ஒர்க்கிலேயே ஊர் ஓடுகிறது. ஓவர்லாக் மெஷின் ஒன்றுகூடச் சொந்தமாக இல்லாமல் ஆர்டர் எடுத்து முடித்துக் கொடுக்கலாம். மானியத்தை நம்பிக் கடன் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியம் கைக்குப் பணமாக வராது. மூன்று ஆண்டு வங்கி வைப்பில் இருந்துவிட்டு, பிறகுதான் கடனில் கழியும். அதுவரை தவணை கட்டுவது நாம்தான்.

ஆனால் ஜாப் ஒர்க்கில் வேறொரு சிக்கல் உண்டு, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்கிற தையல்காரருக்கு ஒரே அளவில் ஆயிரம் பீஸ் வந்தால்தான் கை ஓடும், கூலி கட்டும். நீங்கள் கொண்டுபோவது பதினைந்தே பீஸ். அதிலும் நாலு சைஸ். ஷிப்மென்ட் நெருக்கடியில் இருக்கும் யூனிட்டில் "பாத்துக்கலாமுங்க, வெச்சுட்டுப் போங்க" என்பார்கள். அந்தக் கட்டு மூலையிலேயே கிடக்கும், டோர்னமென்ட் முடிந்துபோகும். இரண்டு மூன்று டீம் ஆர்டரைச் சேர்த்து, ஒரே துணியில், ஒரே பேட்டர்னில் கொடுப்பவருக்கே வேலை நேரத்துக்கு முடிகிறது. கூலி கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துவிடுவது நல்லது. சின்ன ஆர்டருக்கு அது நியாயமான கூலிதான்.

"நம்ம பசங்கதானே, அட்வான்ஸ் எதுக்கு?"

எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலை அதிகம் கெடுப்பது இதுதான். விளையாட்டுப் பழக்கம் வாடிக்கையாளரைக் கொண்டுவரும், வசூலைக் கொண்டுவராது. வாட்ஸ்அப்பில் பட்டியல் வருகிற விதத்தைப் பாருங்கள்: 'கார்த்தி 7 எல்', 'கார்த்திக் எம் 18', 'சிவா - நம்பர் அப்புறம் சொல்றேன்'. முதல் வரியில் எல் என்பது சைஸா, இனிஷியலா? பெயரும் எண்ணும் காகிதத்தில் அச்சாகி, முன்பக்கம், முதுகு, இரண்டு கை என்று வெட்டிய துண்டுகளில் சூடு ஏறிவிட்டால் அழிக்க முடியாது. 'மாப்ள, எக்ஸ்எல் சொல்லியிருக்கணும்டா' என்றால் அந்த ஒரு ஜெர்ஸியை முதலிலிருந்து அடிக்க வேண்டும். நஷ்டம் உங்கள் தலையில். அதனால் சைஸ் என்று எழுத்தைக் கேட்காமல் மார்பளவை அங்குலத்தில் கேளுங்கள். பட்டியலைக் கேப்டன் ஒருவரே உறுதி செய்யட்டும். பாதிப் பணம் வந்த பிறகு பிரிண்டிங்குக்கு அனுப்புங்கள். கோபித்துக்கொள்கிற நண்பர் மீதிப் பணத்துக்கும் அலையவிடுவார்.

"மஞ்சள் கலர், சிங்கம் லோகோ போட்டா பறக்கும்."

பறக்கும்தான். மஞ்சள் நிறம் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அந்தச் சிங்கச் சின்னம் சென்னை சூப்பர் கிங்ஸுடையது. பதிவான வணிகச் சின்னத்தைப் போலியாகப் பயன்படுத்தினால் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 103-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2025 தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கோப்பையை வென்றது நம் திருப்பூர் தமிழன்ஸ். ஊர்ப்பெயர் இருக்கிறது என்பதால் அவர்கள் சின்னம் ஊர்ப்பொது ஆகிவிடாது.

"வேலையை விட்டுட்டு முழுசா இறங்கினாத்தான் ஜெயிக்கலாம்."

அமெரிக்காவில் ஃப்ரெட் மாரிசன் என்பவர் 1938-இல் கடற்கரையில் கேக் தட்டு ஒன்றை வீசி விளையாடிக்கொண்டிருந்தார். ஒருவர் வந்து 25 சென்ட்டுக்கு அதைக் கேட்டார். கடையில் அதன் விலை 5 சென்ட். அந்தத் தட்டு வளர்ந்து ஃபிரிஸ்பீயாகி, வாம்-ஓ கம்பெனி மூலம் சந்தைக்கு வந்தது 1957-இல். நடுவில் கிட்டத்தட்ட இருபது ஆண்டு. அந்த இடைவெளியில் போர் விமானமும் ஓட்டினார், வேறு வேலைகளும் பார்த்தார். ஷிப்ட் வேலையை வைத்துக்கொண்டே வாரம் ஒரு டீம் என்று செய்பவரை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை.

தொழில் பதிவு பற்றிய பயமும் பாதி வதந்தி. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நீங்களே இணையத்தில் செய்துகொள்ளலாம், அதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர் தேவையே இல்லை. ஜிஎஸ்டி, தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு, ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் கட்டாயம். ஆனால் பாலக்காட்டு டீம் ஒன்று போன் செய்து பதினைந்து ஜெர்ஸி பார்சலில் அனுப்பச் சொன்னால் கதை மாறும். வாளையாறு தாண்டி வேறு மாநிலத்துக்குத் துணிமணி விற்க, தொகை எவ்வளவு சிறியதானாலும் முதலில் ஜிஎஸ்டி பதிவு வேண்டும்.