சாக்கின் எடை என்ன, மருமகனே?

அன்புள்ள மருமகனே,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம். அதில் மூன்று பக்கம் பிரசங்கம். "இந்த வஞ்சக உலகத்தில் ஒரு கிறிஸ்தவன் உண்மையாக வாழ முடியுமா மாமா?" என்று தொடங்கி, கடைசி நாட்கள், கொழும்பு அரசியல்வாதிகள், கண்டியில் வெள்ளைக்காரனை மாணிக்கக் கடைக்குக் கூட்டிப்போய்க் கமிஷன் வாங்கும் ஓட்டோக்காரன் என்று ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை. நாலாம் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் எழுத்தைச் சுருக்கி ஒரு வரி: தேயிலைக் கொழுந்து நிறுக்கிறபோது தடவைக்கு இரண்டு கிலோ கழிக்கச் சொல்கிறார்கள், கழிக்கிறேன்.

அட கள்ளா! உன் கேள்வி முழுக்க அந்த ஒரு வரியில்தானே இருக்கிறது? அதை முதலிலேயே எழுதியிருந்தால் அரசியல்வாதிகளாவது தப்பியிருப்பார்கள். உலகம் வஞ்சகமானது என்று எழுத யாருக்கும் கை நடுங்காது. தன் கையில் இருக்கும் தராசைப் பற்றி எழுதும்போதுதான் எழுத்து சிறுத்துப் போகும்.

பதிலைப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். கலஹாவிலிருந்து ஹேவாஹெட்ட வரைக்கும் உன்னைப் போல எத்தனையோ பிள்ளைகள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும். உன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போடவில்லை. போட்டால் உன் அம்மா என்னைத்தான் கிழிப்பாள்.

"இரண்டு கிலோதானே" என்கிறாய். சரி, கணக்குப் பார்ப்போம். உன் தோட்டத்தில் பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. தடவைக்கு இரண்டு என்றால் ஆறு கிலோ. ஆக, 18 கிலோவுக்குப் பேர் விழ அவள் 24 கிலோ எடுக்க வேண்டும். மாதத்தில் 25 நாள் என்றால் ஒருத்தியிடம் 150 கிலோ. உன் மலையில் நாற்பது பெண்கள் என்றால் 6,000 கிலோ. உயர்தரத்தில் கணிதம் படித்தவன் நீ, இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் நீ இதுவரை பெருக்கிப் பார்த்திருக்க மாட்டாய். பெருக்கிப் பார்த்தால் ராத்திரி தூக்கம் வராது என்று உனக்கே தெரியும்.

சாக்குக்கு எடை உண்டே, மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் இருக்குமே என்று உடனே சொல்வாய். இரண்டும் உண்மை. தண்ணீர் சொட்டும் சாக்குக்கு ஒன்றும் கழிக்காவிட்டால் அதுவும் பிழையான நிறுவைதான். நான் கேட்பது இது: பெப்ரவரி வெயிலில் மலை காய்ந்து கிடக்கும்போதும் அதே இரண்டு கிலோ எப்படி வருகிறது? எந்தக் காலத்திலும் மாறாத தண்ணீரை நான் வேதத்தில்கூடப் படித்ததில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரியும், தெரியாதது போல இருக்கிறாய். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் நூறு கிலோ பச்சைக் கொழுந்து போட்டால் 21, 22 கிலோ தேயிலை வரும். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர், காய்ந்து போய்விடும். நீ உண்மையிலேயே தண்ணீரைத்தான் கழித்திருந்தால் அந்தக் கணக்கு அசையாது. கழித்தது கொழுந்தாக இருந்தால், புத்தகத்தில் இல்லாத கொழுந்தும் சேர்ந்து அரைபட்டு, நூற்றுக்கு வரவேண்டியதைவிடக் கூடுதலாகத் தூள் விழும். அதை மறைக்க ஸ்டோரில் ஒருவன் இன்னொரு பொய் எழுத வேண்டும். அவனும் ஞாயிற்றுக்கிழமை உன் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து பாடுகிறவனாக இருக்கலாம்.

உண்மை என்றால் வாயால் பொய் சொல்லாமல் இருப்பது என்று ஞாயிறு பள்ளியில் படித்ததை நீ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாய். வேதம் தராசைப் பற்றி எவ்வளவு பேசுகிறது என்று கவனித்தாயா? அயலானை நேசிக்கச் சொல்லும் கட்டளை லேவியராகமம் 19இல் இருக்கிறது. அதே அதிகாரத்தின் கடைசியில் தராசும் படிக்கல்லும் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டளையும் இருக்கிறது. முன்னதைப் போஸ்டர் அடித்துச் சுவரில் ஒட்டுகிறோம். பின்னதை ஒட்டிய கொழுந்து மடுவத்தை நான் பார்த்ததில்லை. ஆமோஸ் தீர்க்கதரிசியோ, ஓய்வுநாள் எப்போது முடியும், கள்ளத் தராசை எப்போது திரும்ப எடுக்கலாம் என்று காத்திருந்த பக்திமான்களைப் பிடித்து உலுக்கினார்.

நம் மலைகளில் இது இன்றைக்கு வந்த வியாதி அல்ல. தெல்தோட்டையைத் தாண்டினால் வரும் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867இல். அதற்கு முந்திய கோப்பிக் காலத்திலேயே நம் ஆட்களைப் பிடித்து வைத்திருந்தது தராசைவிட எழுதுகோல்தான். கங்காணி கொடுத்த முற்பணம் ஒன்று, புத்தகத்தில் ஏறிய கடன் வேறொன்று. கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். பிறகு வந்தது, அந்தக் கடனைக் கட்டித் தீர்த்தால் ஆளை விடலாம் என்று ஒரு துண்டுக் காகிதம். அதைக் கட்டி எடுத்துக்கொள்ளும் தோட்டத்துக்கு ஆள் கடனோடு கைமாறுவான். 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். வாசிக்கத் தெரியாதவளுக்கு எதிராக எழுதுவது இந்த மலையின் பழைய தொழில். அந்தப் பேனாவை இப்போது உன் கையில் தந்திருக்கிறார்கள், லயத்துக் காம்பராவில் பிறந்தவன் கையில்.

நம் சபையையும் நான் விடப்போவதில்லை. தமிழ் கூலி மிஷன் 1854இல் கண்டியில் தொடங்கியது. நம் தாத்தாக்களுக்கு எழுத்தும் ஜெபமும் சொல்லித்தந்தது அது, அந்த நன்றியை நான் மறக்கவில்லை. ஆனால் அதன் செலவில் பெரும் பங்கு தோட்டத் துரைமாரின் சந்தாவில் ஓடியது. காசு தருகிறவனுக்கு வலிக்கிற பிரசங்கம் எப்போதும் கொஞ்சம் குறைச்சலாகத்தான் வரும். அதனால்தானோ என்னவோ, வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிவதைப் பற்றி நாம் கேட்ட அளவுக்கு, கூலியைப் பிடித்துவைப்பவனைப் பற்றி யாக்கோபு எழுதியதை நாம் கேட்கவில்லை. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. பிறகு பல தோட்டங்களில் பேருக்கு வேண்டிய கிலோவும் ஏறியது. அதைப் பற்றி எந்தக் கோயிலில் பிரசங்கம் நடந்தது என்று எனக்கும் எழுது.

இப்போது நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவின் பிள்ளையல்லவா, ஒன்றில் தரை, இல்லையென்றால் ஆகாயம். "வேலையை விட்டுவிட்டு வேதாகமக் கல்லூரிக்குப் போகிறேன் மாமா" என்பாய். போகாதே. யோவான் ஸ்நானகனிடம் வரி வாங்குகிறவர்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். உன் கேள்வியேதான், மூன்று பக்க முன்னுரை இல்லாமல். அவர் வேலையை விடச் சொல்லவில்லை. விதித்ததற்கு மேலே வாங்காதே என்றார், அவ்வளவுதான். நீ போனால் அந்தத் தராசடிக்கு வேறொருவன் வருவான், தடவைக்கு மூன்று கிலோ கழிப்பான்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையைத் தெரியுமல்லவா? தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று பரீட்சைக்குப் படித்திருப்பாய். கத்தோலிக்கர், பிழைப்புக்கு முன்சீப் உத்தியோகம். கைக்கூலி கொடுக்காமல் காரியம் நடக்காது என்று ஊர் நம்பிய காலத்தில் நியாய ஸ்தலத்திலேயே உட்கார்ந்திருந்தார். 1859இல் நீதி நூல் எழுதினார். அவர் நாற்காலியை விட்டு ஓடியிருந்தால் நமக்கு இன்னொரு நல்ல பிரசங்கி கிடைத்திருப்பார், மாயூரத்து ஏழைக்கு ஒரு நல்ல முன்சீப் இல்லாமல் போயிருப்பார்.

பேஸ்புக்கில் எழுதலாமா என்றும் யோசிப்பாய். ஐயோ, அந்தப் பக்கமே போகாதே. பாம்பைப் போல வினாவும் வேண்டும் என்று ஆண்டவர் சொன்னது உன்னைப் போன்ற அவசரக்காரனுக்குத்தான். பெரிய கிளாக்கரிடம் பணிவாகப் போய், "ஐயா, எவ்வளவு கழிக்க வேண்டும், எதற்காகக் கழிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள், புத்தகத்தில் ஒட்டி வைத்துக்கொள்கிறேன்" என்று கேள். சண்டை போடாதே, முகத்தை நீட்டாதே. வாயால் வரும் உத்தரவுகளில் பாதி, எழுதித் தரச் சொன்னவுடன் செத்துப்போகும். தராசைப் பரிசோதித்து முத்திரை குத்தும் அளவீட்டுத் திணைக்களம் ஒன்று நாட்டில் இருக்கிறது. உன் தராசில் முத்திரை இருக்கிறதா என்று முதலில் பார்.

வேலை போகாது என்று நான் சொல்லவில்லை. போகலாம். "உண்மையாக இரு, கர்த்தர் பதவி உயர்வு தருவார்" என்று உனக்கு எழுதினால் நானும் இரண்டு கிலோ கழித்தவன் ஆவேன். உண்மை சொல்லி நஷ்டப்பட்டவர்கள் நம்மிலேயே உண்டு. 1949ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் நம் ஆட்கள் எட்டு லட்சத்துக்கும் அதிகமானோருக்காக மனுப் போட்டார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. இந்தியாவுக்குப் போய்வந்தேன், ஊரில் அம்மாவுக்குப் பணம் அனுப்பினேன் என்று உள்ளதைச் சொன்னவர்களுக்கு அந்த உண்மையே பாதகமாக நின்றது. அப்படி ஒரு விசாரணையில் ஒருவன் ஒரு பயணத்தை மறைத்திருந்தால் அவன்மேல் நான் கல் எறிய மாட்டேன். எகிப்தில் பிள்ளைகளைக் காப்பாற்றப் பார்வோனிடம் கதை சொன்ன மருத்துவச்சிகள் சிப்பிராளையும் பூவாளையும் கர்த்தர் தண்டிக்கவில்லை, அவர்கள் குடும்பங்களைத் தழைக்கச் செய்தார்.

உடனே சந்தோஷப்படாதே! அந்தப் பெண்கள் பொய்யால் தங்களுக்கு ஆபத்தைத் தேடிக்கொண்டார்கள், பிழைத்தது அடுத்தவள் பிள்ளை. உன் இரண்டு கிலோவில் ஆபத்து யாருக்கு, லாபம் யாருக்கு? எல்லாவற்றுக்கும் பார்வோனைக் கூப்பிட்டால் அவனுக்கே அலுத்துப்போகும்.

உன்னைப் பற்றி எனக்கு உள்ள பெரிய பயம் வேறு. நீ திடீரென்று நேர்மையாகி, அதை முதலில் கீழே உள்ளவர்கள்மேல் காட்டுவாய். கொழுந்தில் தண்ணீர் தெளித்தவளைப் பிடிப்பாய், 17 கிலோ கொண்டுவந்தவளுக்கு அரைப்பேர் போடுவாய், "சட்டம் சட்டம்தான் அக்கா" என்பாய். மேலே கேட்கத் துணிவில்லாதவன் கீழே கண்டிப்பாக இருப்பதற்கு நேர்மை என்று பெயர் வைக்காதே. அவள் ஏன் தண்ணீர் தெளிக்கிறாள்? நீ கழிக்கப்போகும் இரண்டு கிலோவை அவள் முன்னாலேயே ஏற்றி வைக்கிறாள். நீ கழிப்பதை நிறுத்து, அவள் தெளிப்பதை நிறுத்தச் சொல்லும் வாய் உனக்கு அப்புறம் வரும். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி 15 கிலோவோடு வந்து நின்றால் என்ன செய்வது என்றும் கேட்பாய். மனம் இரங்கி 18 என்று எழுதாதே. இன்றைக்கு இரக்கத்துக்காக எழுதப் பழகும் கை, நாளைக்கு வேண்டியவளுக்கு எழுதும், அதற்கடுத்த நாள் காசுக்கு எழுதும். 15 என்று எழுதி, நீயே போய்த் துரையிடம் அவளுக்காகப் பேசு. அவர் முகம் சுளித்தால் அந்தச் சுளிப்பு உன்னோடு போகட்டும்.

பழையது என்ன ஆகும் என்று நீ கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை நான் கவனித்தேன். சகேயு நாலத்தனையாகத் திரும்பத் தருகிறேன் என்றான், அதுவும் ஊரார் முன்னால். உன் சம்பளத்தில் அது நடக்காது, எனக்கும் தெரியும். ஆனால் "ஆண்டவரே மன்னியும்" என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிவிட்டு, மறுநாள் மடுவத்தில் ஒன்றும் நடக்காதவன் போல நிற்காதே. எடுத்தது கர்த்தருடைய கொழுந்தல்ல. அந்த நாற்பது பெண்களிடம் சொல். அவர்கள் திட்டுவார்கள், ஒருத்தி அழுவாள், இன்னொருத்தி உன் அம்மாவரைக்கும் இழுப்பாள். கேட்டுக்கொண்டு நில்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றைச் சொல்கிறேன். ஒரு காய்ந்த சாக்கை வெறுமையாக நிறுத்துப் பார். பிறகு நனைத்து, உதறி நிறுத்துப் பார். இரண்டு எடையையும் மடுவத்துச் சுவரில் சோக்கட்டியால் பெரிதாகத் தமிழில் எழுது, அதற்கு மேல் கழிக்காதே. யாராவது அழித்தால் மறுநாளும் எழுது. எழுதிய பிறகு எனக்குப் போன் எடுத்து சாக்கின் எடை எத்தனை கிராம் என்று சொல். சாட்சி சொல்கிறேன் என்று கோயில் மேடையில் மட்டும் ஏறிவிடாதே.

அன்புடன்,
மாமா