கொடி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்

மாகறல்

அன்புள்ள மலர்விழிக்கு,

பெரியம்மா எழுதுவது. அம்மா கையைத் தூக்கித் துணி காயப்போட்டால் வயிற்றுப் பிள்ளையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிக்கொள்ளும் என்று பாட்டி தடுக்கிறாராம்; நிஜமா என்று கேட்டிருந்தாய். நிஜமில்லை. பனிக்குடத்துக்குள் பிள்ளை புரளும்போது கொடி தானாகவே சுற்றிக்கொள்ளும். நான்கைந்து பிரசவங்களில் ஒன்றில் அப்படி இருக்கும். பிரசவம் பார்க்கும் நாங்கள் பெரும்பாலும் அதை விரலால் தளர்த்தித் தலைவழியே எடுத்துவிடுவோம். ஆனால் பாட்டியோடு மல்லுக்கு நிற்காதே. அம்மாவுக்கு ஓய்வு நல்லது. துணியை நீ காயப்போடு.

கொடி லேசில் நசுங்காது. அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம், விரல் பருமன். உள்ளே ஒரு சிரையும் இரண்டு தமனிகளும், உங்கள் தறிக்கு வரும் மூன்றிழைப் பட்டுபோல் முறுக்கிக் கிடக்கும். சுற்றிலும் வழவழப்பான கூழ். 1656-இல் அதை விவரித்த ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டன் பெயரால் 'வார்ட்டன் கூழ்' என்பார்கள். கொடி வளைந்தாலும் ரத்த ஓட்டம் தடைபடாமல் காப்பது அதுதான்.

சிரையில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் ஓடும் என்று படித்திருப்பாய். இங்கே தலைகீழ். நஞ்சுக்கொடியிலிருந்து ஆக்சிஜனும் சத்தும் பிள்ளைக்குச் சிரை வழியே வரும். கழிவு தமனிகள் வழியே திரும்பும். தாய் ரத்தமும் சேய் ரத்தமும் நேராகக் கலப்பதில்லை. நடுவில் உள்ள மெல்லிய சவ்வு வழியாகத்தான் கொடுக்கல் வாங்கல். இருவர் ரத்த வகையும் வேறாக இருக்கலாம் என்பது இதனால்தான்.

பிள்ளை பிறந்த பிறகும் கொடி விஷயத்தில் அவசரம் கூடாது. அறுப்பதற்கு ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குள் நஞ்சுக்கொடியில் மிச்சமிருக்கும் ரத்தம் பிள்ளைக்குப் போய்ச் சேரும். பின்னாளில் ரத்தசோகை வராமல் தடுக்க அந்த இரும்புச்சத்து உதவும். அறுக்கும்போது வலிக்குமோ என்று பயப்படாதே. கொடியில் வலி உணரும் நரம்பு இல்லை.

அறுத்த இடத்தில் சாம்பல், மஞ்சள், சாணம் எதுவும் வைக்கவிடாதே. அப்படி வைத்ததாலும், துருப்பிடித்த கத்தியால் அறுத்ததாலும் எத்தனையோ பச்சிளம் பிள்ளைகள் ரணஜன்னியில் போயிருக்கின்றன. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் பரவிய பிறகே, 2015-இல் இந்தியா பச்சிளம் பிள்ளைகளிடையே அந்நோயை ஒழித்த நாடுகளின் வரிசையில் சேர்ந்தது.

தொப்புளை உலர்வாக வைத்திருந்தால் போதும். ஓரிரு வாரத்தில் கொடி தானே காய்ந்து விழும். சுற்றிலும் சிவந்தாலோ, சீழ் வைத்தாலோ, நாற்றம் அடித்தாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். விழுந்த கொடியைப் பாட்டி தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டினால் கட்டட்டும். தம்பியோ தங்கையோ அதை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு.

அன்புடன்,
பெரியம்மா