நவச்சாரம் சொல்லிக் கொடுத்த பாடம்
(ஈதல் சகப்பிணைப்பு: ஓர் எளிய விளக்கம்)

மாணவ நண்பர்களே! வேதியியல் என்றாலே நம்மில் பலருக்குக் கசப்புதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் வீட்டில் படிக்க வந்தவன் நான்தான் முதல் ஆள். சந்தேகம் கேட்க வீட்டில் யாரும் கிடையாது. அதனால் பத்தாம் வகுப்பில் ஈதல் சகப்பிணைப்பை வரி பிசகாமல் மனப்பாடம் செய்தேன். மார்க் வந்தது; விஷயம் மட்டும் விளங்கவில்லை.

பாலிடெக்னிக் முதலாம் ஆண்டில் எங்கள் சார் போர்டில் அம்மோனியம் அயனியை வரைந்து, "இந்த நாலு ஹைட்ரஜன்ல ஈதல் பிணைப்புல இருக்கிறது எதுப்பா?" என்று கேட்டார். அம்புக்குறி போட்ட ஹைட்ரஜனைக் காட்டினேன். "தப்பு, உட்காரு" என்றார். வகுப்பே சிரித்தது. புத்தகத்தில் உள்ளபடிதானே காட்டினேன், எப்படித் தப்பாகும்? அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். சாதாரண சகப்பிணைப்பில் இரண்டு அணுக்களும் ஆளுக்கு 1 எலக்ட்ரான் போட்டு, அந்த ஜோடியைப் பொதுவில் வைத்துக் கொள்கின்றன. ஈதல் சகப்பிணைப்பில் 2 எலக்ட்ரான்களையும் ஒரே அணு போடுகிறது. போடுவது வழங்கி, பெறுவது ஏற்பி. வழங்கியிடம் பிணைப்பில் சேராத ஒரு தனி ஜோடி இருக்க வேண்டும். ஏற்பியிடம் அதற்குக் காலி இடம் இருக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை.

நைட்ரஜனின் அணு எண் 7. எலக்ட்ரான் அமைப்பு 2, 5. வெளிவட்டத்தின் 5 எலக்ட்ரான்களில் 3, மூன்று ஹைட்ரஜன்களோடு பிணைந்து அம்மோனியா ஆகிறது. மீதி 2 தனி ஜோடி. ஹைட்ரஜன் அயனியிடமோ ஓர் எலக்ட்ரான்கூடக் கிடையாது. அது வந்தால் நைட்ரஜன் தன் தனி ஜோடியைக் கொடுத்துச் சேர்த்துக் கொள்கிறது. இப்போது மொத்தம் 11 புரோட்டான், 10 எலக்ட்ரான். அதனால்தான் +1 மின்சுமை. அது வந்து சேர்ந்த ஹைட்ரஜனுக்கு மட்டும் உரியதல்ல, அயனி முழுவதற்கும் உரியது.

சரி, நான் சொன்னது ஏன் தப்பு? அது சோதனைச் சாலையில்தான் புரிந்தது. அம்மோனியா பாட்டில் வாயருகே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த கண்ணாடிக் கோலைக் காட்டினோம். குப்பென்று வெள்ளைப் புகை! "இதுதான் அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம்" என்றார் சார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். சிறு வயது முதல் அவருக்குத் துருத்தி ஊதியவன் நான். காய்ந்த பித்தளை அண்டாவில் அவர் நவச்சாரப் பொடி தூவும்போது எழுகிற அதே புகை!

சூட்டில் நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பாத்திரத்தில் படிந்த ஆக்ஸைடை ஹைட்ரஜன் குளோரைடு கரைத்து எடுக்கிறது. சுத்தமான உலோகத்தில் உருகிய ஈயம் ஒட்டிக் கொள்கிறது. மீதி வாயுக்கள் காற்றில் மறுபடி சேர்வதுதான் வெள்ளைப் புகை.

அப்படிப் பிரியும்போது எந்த ஹைட்ரஜன் வெளியே போகும்? கடைசியாக வந்ததா? சொல்ல முடியாது. நான்கு பிணைப்புகளுக்கும் ஒரே நீளம், ஒரே வலிமை, இடையே ஒரே கோணம், சுமார் 109.5 டிகிரி. அம்புக்குறி, எலக்ட்ரான் வந்த வழியைத்தான் காட்டுகிறது. சேர்ந்த பிறகு வேறுபாடு இல்லை. நவச்சாரத்துக்குள் அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு, ஈதல் சகப்பிணைப்பு மூன்றும் உண்டு என்பதைத் தேர்வுக்கு நினைவில் வையுங்கள்.

இன்னொரு எடுத்துக்காட்டு கார்பன் மோனாக்ஸைடு. அதில் இரண்டு பிணைப்புகள் சாதாரணம். மூன்றாவதற்கு ஆக்ஸிஜனே ஜோடி முழுவதையும் கொடுக்கிறது. அதன் கார்பனிலும் ஒரு தனி ஜோடி உண்டு. அதை நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள இரும்புக்குக் கொடுத்து ஒட்டிக் கொள்கிறது. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பிடிப்பு! ஆக்ஸிஜனுக்கு இடமில்லாமல் போகிறது. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டினால் உயிர் போவது இதனால்தான்.

இதைப் படித்த அன்று எனக்குக் கை நடுங்கியது. மழைக்காலத்தில் அப்பா உலையை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திக் கொள்வார். "தலை கிறுகிறுன்னு வருதுடா, வெயில்ல அலைஞ்சதுதான்" என்பார். அந்த வாரமே ஊருக்குப் போய்ச் சொன்னேன். "முப்பது வருஷமா பண்றேன், எனக்குத் தெரியாதா?" என்றார். நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். எழுத்துத் தெரியாத அவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார். மறுநாள் உலை வாசல் கொட்டகைக்கு வந்துவிட்டது. புகை அடிக்காத பக்கமாக உட்காரவும் பழகிவிட்டார்.

நண்பர்களே, மனப்பாடம் மார்க் தரும். புரிந்து படித்தால் அது வீடு வரை வரும். நம்மில் பலர் முதல் தலைமுறையாக வந்தவர்கள். எந்த வழியாக வந்தோம் என்பது அம்புக்குறி மாதிரிதான். வந்து சேர்ந்த பிறகு எல்லாப் பிணைப்பும் ஒன்றே!