தீர்ப்பை மீறியவர் செலவைத் தருவாரா?

வழக்காடி வெற்றி பெறுவது ஒன்று; பெற்ற தீர்ப்பை நிலைநாட்டுவது மற்றொன்று. "இதனைச் செய்யற்க" என்று நீதிமன்றம் தடை விதித்த பின்னரும் எதிர்தரப்பினர் அதனையே செய்வாராயின், வென்றவர் மீண்டும் வழக்கறிஞரை அமர்த்தி, மீண்டும் நீதிமன்றப் படி ஏற வேண்டியவராகிறார். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழி அப்போது மெய்யாகிவிடும். இவ்விரண்டாவது செலவைத் தாங்க வேண்டியவர் யார்? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய நீதிமன்றங்கள் இவ்வினாவுக்குக் கண்ட விடையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

அவமதிப்பின் இருவகை

நடந்துவிட்ட மீறலுக்காக ஒருவரைத் தண்டிக்க எடுக்கும் நடவடிக்கை கிரிமினல் அவமதிப்பு. உத்தரவுக்குப் பணியச் செய்யவும், மீறலால் எதிர்தரப்புக்கு நேர்ந்த நஷ்டத்தை ஈடு செய்யவும் எடுக்கும் நடவடிக்கை சிவில் அவமதிப்பு. தொழிற்சங்கத் தலைவர்களைப் பற்றிய ஒரு வழக்கில், 1911ஆம் ஆண்டில், அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு இவ்வேறுபாட்டை விளக்கியது. சிவில் நடவடிக்கையில் தண்டனையாகச் சிறைவாசம் விதித்தது செல்லாதென்றும் கூறியது. நம் ஆராய்ச்சிக்குரியது சிவில் அவமதிப்பே.

பொது விதியும் விலக்கும்

அந்நாட்டில், வென்றாலும் தோற்றாலும், அவரவர் வழக்கறிஞர் கட்டணத்தை அவரவரே கொடுப்பது பொது விதி. 1796ஆம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு, நஷ்ட ஈட்டில் சேர்த்திருந்த 1,600 டாலர் வழக்கறிஞர் கட்டணத்தை நீக்கிவிட்டது. நம் நாட்டு முறை வேறு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, வழக்குச் செலவு பொதுவாக வென்றவருக்குக் கிடைக்க வேண்டும். மறுப்பின் நீதிமன்றம் அதற்குக் காரணம் எழுத வேண்டும்.

அமெரிக்கப் பொது விதிக்குச் சில விலக்குகள் உண்டு. நீதிமன்ற உத்தரவை வேண்டுமென்றே மீறுவது அவற்றுள் ஒன்று. தராசு செய்யும் இரு கம்பெனிகளுக்கிடையே நடந்த வழக்கில், தீர்ப்பின் பயனைத் தடுக்க ஒரு கம்பெனி வேறொரு நீதிமன்றத்தை நாடியது. அதனை எதிர்த்து நிற்க மற்றக் கம்பெனிக்கு ஆன செலவையே அபராதமாக விதித்தது முறையென்று 1923ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றது. பொது விதியை வலியுறுத்திய 1975ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் இவ்விலக்கு காக்கப்பட்டது.

"அறியாமல் செய்தேன்" எனலாமா?

காகித மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்று, தொழிலாளர் ஊதியச் சட்டத்தைப் பின்பற்ற வேண்டுமென 1943ஆம் ஆண்டில் உத்தரவு பெற்றிருந்தது. அது தானே வகுத்த திட்டங்களால் சட்டத்தை மீண்டும் மீறியது. 1949ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு, கெட்ட எண்ணம் இல்லை என்பது சிவில் அவமதிப்பிலிருந்து தப்புவிக்காது என்று தீர்ப்பளித்தது. ஐயமிருந்தால் நீதிமன்றத்திடமே விளக்கம் கேட்டிருக்கலாமே என்பது அதன் கருத்து. கொடாத ஊதியத்தைக் கொடுக்குமாறு கட்டளையிடவும் நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டென்று அது கூறியது.

ஆயின், வழக்கறிஞர் கட்டணத்தைப் பெற, மீறல் வேண்டுமென்றே செய்ததாக இருக்க வேண்டுமா? இதில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒருமுகமாக இல்லை. ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் 1985ஆம் ஆண்டில் அது தேவையில்லை என்றது. வேறு சில, தேவை என்று கருதின. ஆகவே மீறல் மட்டுமன்றி, மீறியவர் உத்தரவை அறிந்திருந்தார் என்பதையும், அறிந்தும் துணிந்தார் என்பதையும் ஒருங்கே நிறுவ முயல்வதே விவேகம். உத்தரவின் பொருளில் நியாயமான ஐயத்துக்கு இடமிருந்தால், பொதுவாக அவமதிப்பே நிலைக்காது. திவால் சட்டத்தைச் சார்ந்த 2019ஆம் ஆண்டு வழக்கொன்றில் இக்கொள்கை மீண்டும் உறுதி செய்யப்பட்டது.

எவ்வளவு கிடைக்கும்?

மீறலால் விளைந்த செலவு மட்டுமே கிடைக்கும். மீறலைக் கண்டறிதல், சாட்சியம் திரட்டுதல், மனு எழுதுதல், விசாரணையில் வாதாடுதல் ஆகியவற்றின் நியாயமான செலவு இதில் அடங்கும். முதல் வழக்கின் செலவு அடங்காது. டயர் கம்பெனி ஒன்றின் முறைகேடு பற்றிய 2017ஆம் ஆண்டு வழக்கு அவமதிப்பு வழக்கன்று. எனினும் அதில் எழுந்த கொள்கை இங்கும் பயன்படும். கீழ் நீதிமன்றம் விதித்த 27 லட்சம் டாலரைச் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. முறைகேடு நிகழாதிருந்தால் ஆகியிராத செலவை மட்டுமே ஈடாகக் கேட்கலாம் என்பதே அதற்குக் கூறிய காரணம்.

தொகையைக் கணக்கிடும் வழக்கமான முறை எளிது. உழைத்த மணிகளை நியாயமான மணிக்கட்டணத்தால் பெருக்க வேண்டும். இன்ன நாளில், இன்ன வேலைக்கு, இவ்வளவு நேரம் என்ற குறிப்பு இல்லையேல், நீதிமன்றம் தொகையைக் குறைத்துவிடும். நூல் வாங்கிய கணக்கும் துணி கொடுத்த கணக்கும் ஒத்தாலன்றிக் கூலி தீராது என்பதை அறிந்த நம் அங்கத்தினர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இப்பாடத்தின் சாரம் ஒன்றே. தீர்ப்பை மதியாதவனால் விளைந்த செலவு, அதனைப் பெற்றவன் தலையில் விழுமாயின், எளியோர் பெறும் தீர்ப்பு வெறுங்காகிதமாகிவிடும். செலவை மீறியவனிடமே வாங்கித் தரும் விதி அக்காகிதத்துக்கு உயிரளிக்கிறது. அவ்வுயிரைக் காப்பதோ, நாள்தோறும் எழுதி வைத்த கணக்கு.