டாஹோ ஏரியும் சென்னை நுரையீரலும்

கேள்வி: மெரினாவில் தினமும் 10 கி.மீ. ஓடுகிறேன். கலிஃபோர்னியாவில் இருக்கும் மகள், டாஹோ ஏரி மலைப்பாதையில் ஓட அழைக்கிறாள். சமாளிப்பேனா?

பதில்: சமாளிப்பீர்கள், மெரினா வேகத்தை மெரினாவிலேயே விட்டுவிட்டுப் போனால்.

ஏரியே ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி மலைமுகடுகளில் போகும் டாஹோ ரிம் பாதை 3,100 மீட்டரையும் தாண்டுகிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். போய் இறங்கியதும் ஓடாதீர்கள். இரண்டு மூன்று நாள் நடந்து பழகுங்கள். ஏற்றத்தில் நடப்பது அவமானமில்லை, தேர்ந்த மலை ஓட்டக்காரர்களே நடக்கிறார்கள். தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் வீரம் காட்டாமல் கீழே இறங்கிவிடுங்கள்.

நம்மூர்க்காரர்கள் ஏமாறுவது வியர்வையில்தான். சென்னையில் சட்டை நனைந்து எச்சரிக்கும். அங்கே காற்று வறண்டது, வியர்ப்பதே தெரியாது. ஆகவே தாகத்துக்குக் காத்திராமல் அவ்வப்போது குடியுங்கள். கிழக்குக் கரைப் பக்கம் நீரூற்றுகள் குறைவு, தண்ணீரைச் சுமந்தே போக வேண்டும்.

ரிம் பாதையின் முழுச் சுற்று சுமார் 265 கி.மீ. ஸ்பெயின் நாட்டு மலை ஓட்டக்காரர் கிலியன் ஜோர்னெட் 2009-இல் அதை 39 மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். அவரை ரசியுங்கள், பின்பற்ற வேண்டாம். உங்களுக்கு ஏழெட்டு கி.மீ. போதும். ஆகஸ்ட், செப்டம்பரில் போங்கள். ஜூனில் முகடுகளில் பனி கிடக்கும். கருங்கரடி எதிர்ப்பட்டால் மட்டும் ஓடக் கூடாது. குரல் கொடுத்தபடி மெல்லப் பின்வாங்குங்கள்.